மூத்தவளுக்குப் படைக்காத சேலை

நம்பாதவர்கள் மல்லசமுத்திரம் பக்கம் வந்து தனப்பிரியாவையே கேட்டுக்கொள்ளலாம். நான் ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நடுராத்திரியில் நடந்ததும் இல்லை. உச்சிவெயிலில் நடந்தது.

தனப்பிரியா சபரிநாதனுக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் ராமாத்தாள் காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் பெற்ற ஐந்து வயது யுவஸ்ரீயைக் குளிப்பாட்டி, சோறூட்டி, சடை போட்டு வளர்ப்பவள் இவள். ஆனாலும் குழந்தை வாயில் வருவது 'சித்தி'தான். 'அம்மா' என்பது சுவரில் தொங்கும் படத்துக்கு மட்டும். செத்தவள்மேல் பொறாமையா என்று கேட்காதீர்கள். உயிரோடு இருக்கும் சக்களத்தி என்றால் தலைமுடியைப் பிடித்தாவது சண்டை போடலாம். படத்தில் சிரிப்பவளை என்ன செய்ய?

மழை தள்ளிப்போய், கடலைக்காய் பிடுங்குவது மார்கழிக் கடைசிவரை இழுத்துவிட்டது. அதற்கு நடுவே சபரிநாதன் பொங்கலுக்கு ஒரு பச்சைச் சேலை எடுத்து வந்தான்.

"மூத்தவளுக்குப் படைச்சுட்டு அப்பறம் கட்டிக்க."

அதுதான் வழக்கம். படத்தின் முன் வைத்துக் கும்பிட்ட பிறகே இளையவள் புதுச்சேலை உடுத்தலாம்.

"செரிங்க" என்றாள். உள்ளுக்குள் பொருமினாள்: எனக்கு வரும் துணியைக்கூட அவள் பார்த்துத்தான் தர வேண்டுமா?

மறுநாள் அவன் தோட்டத்துக்குப் போனதும், படைக்காமலே கட்டிக்கொண்டாள்.

மணி 12.10. வாசலில் ஆள் உயரத்துக்குக் கடலைக்கொடிக் குவியல். உட்கார்ந்து காய் பறித்தாள். யுவஸ்ரீ வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பொட்... பொட்...

கையை நிறுத்தினாள்.

பொட்... பொட்...

காய் பறிக்கிற சத்தம், குவியலுக்கு அந்தப் பக்கம்.

"ஆருங்க அது?"

அந்தப் பக்கமிருந்து ஒரு கொடி உருவப்பட்டது. இன்னொன்று...

வீட்டு நாய் குரைக்கவில்லை. அங்கே பார்த்து வாலை ஆட்டியது.

எழப் பார்த்தாள். முந்தானை குவியலுக்கு அடியில் மாட்டியிருந்தது. இழுத்தாள்.

அந்தப் பக்கமும்... இழுத்தது.

12.25. வீட்டுக்குள்ளிருந்து யுவஸ்ரீ ஓடி வந்தாள்.

"அம்மா!"

தனப்பிரியாவுக்குப் பயமெல்லாம் பறந்தது. இரண்டு கையையும் விரித்தாள்.

குழந்தை அவளைத் தாண்டி ஓடியது.

குவியலுக்குப் பின்னால்.

சிரிப்புச் சத்தம். குழந்தையுடையது ஒன்று...

இன்னொன்றும்.

முந்தானை தளர்ந்தது. விழுந்தடித்து ஓடிப் பார்த்தாள். யுவஸ்ரீ மட்டும்தான் இருந்தாள், வாய் நிறையக் கடலையோடு. பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குப் பறித்த காய்.

அன்று சாயங்காலமே சேலையைத் துவைத்து, படத்தின் முன் வைத்து அழுதாள். அதற்குப் பலனும் இருந்தது. அன்றிலிருந்து குழந்தை அவளை 'அம்மா' என்றே கூப்பிட்டது. மூத்தவள் மனமிரங்கி விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று தனப்பிரியா பூரித்துப்போனாள்.

பொங்கலன்று சபரிநாதன் மகளைத் தூக்கிப் படத்தின் முன் நிறுத்தினான்.

"அம்மாவக் கும்பிட்டுக்க சாமி."

குழந்தை ராமாத்தாளின் படத்தைப் பார்த்தது. திரும்பித் தனப்பிரியாவைப் பார்த்துச் சிரித்தது. படத்தின்மேல் விரலை வைத்தது.

"அம்மா அங்க நிக்குதுங்கப்பா. இது சித்தி. சித்திதான் செத்துப்போச்சே..."