ஊருணிக்கு ஒப்பாரி

சாயல்குடிக்குத் தெற்கே இருளம்மாளின் ஊரில் யார் செத்தாலும், அவள் வந்து ஒப்பாரியைத் தொடங்கினால்தான் மற்றப் பெண்களுக்கு அழுகை வரும். மற்ற நாட்களில் அவள் களையெடுக்கும் கூலிக்காரி.

1995இல் ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கம்பெனி இறால் பண்ணை வெட்டியது. கடல்நீரைக் குழாயில் இழுத்துத் தேக்கினார்கள். அடுத்த கோடைக்குள் அந்த உப்பு மண்ணுக்குள் இறங்கி, ஊரே குடித்த ஊருணியைக் கெடுத்தது. அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். பதிலே இல்லை.

பண்ணையில் புதுக் குளங்களுக்குப் பூசை போட்ட அன்று, இருளம்மாள் தலைவிரிகோலமாக அதன் வாசலில் போய் உட்கார்ந்தாள். ஊர்த்தலைவர் நாகநாதன் பதறிப்போய் வந்தார். இழவு விழாமல் ஒப்பாரி வைத்தால் தெய்வக்குற்றம் என்றார்.

“ஊருணி செத்துப்போச்சுல்ல அய்யா, அதுக்குத்தான் பாடுறேன். சாமி கோவிச்சா எங்கிட்ட வரட்டும், நான் பேசிக்கிறேன்.”

பாடத் தொடங்கினாள்:

பாலாட்டம் தண்ணி தந்த
என்னப் பெத்த ஊருணியே
உப்பக் கரச்சு ஊத்தி
உன்னக் கொன்ன பாவி யாரு?

பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்து மாரடித்தார்கள். பண்ணை உப்பு கடற்கரை ஊரின் கிணறுகளையும் கெடுத்து, வேலி அவர்கள் கடலுக்குப் போகும் பாதையையும் மறித்திருந்ததால், அங்கிருந்து செபஸ்தியம்மாள் மீனவப் பெண்களோடு வந்தாள். பெரிய வெள்ளியன்று மாதா மகனுக்காகப் புலம்பும் ராகத்தில் அவள் அடுத்த அடியை எடுத்தாள். பூசை செய்ய வந்தவர் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போலீஸ் வேனில் ஏற்றியபோதும் பாட்டு நிற்கவில்லை. விட்டதும் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். இழவுச் சத்தத்துக்கு நடுவே வேலை பார்க்க ஆள் வரவில்லை. ஊர்க்காரர்கள் போட்ட வழக்கும் சேர்ந்துகொள்ள, ஒரு வருஷத்தில் கம்பெனி மோட்டார்களைக் கழற்றிக்கொண்டு போனது.

தண்ணீர் உடனே திரும்பவில்லை. இரண்டு ஊர்ப் பெண்களும் ஊருணியில் இறங்கி உப்புச் சேற்றைச் சுரண்டி அள்ளினார்கள். நாகநாதனும் மண்வெட்டியோடு வந்தார். முதல் மழைத் தண்ணீர் கரித்தது. அடுத்த மழைக்குக் கொஞ்சம் குறைந்தது. அதற்கும் அடுத்த ஐப்பசியில்தான் வாயில் வைக்க முடிந்தது.

முதல் குடம் யாருக்கு என்ற பேச்சு வந்தது. கோயிலுக்கு என்றார் நாகநாதன். இருளம்மாள் குடத்தை நிரப்பி செபஸ்தியம்மாளின் இடுப்பில் வைத்தாள்.

“கொண்டு போத்தா. ஒங்க ஊர்ல இன்னமும் நல்ல தண்ணி இல்ல.”