துண்டு இல்லாத தாய்

அந்தப் பிள்ளையின் நோய் விபரம் எழுதும் கட்டில் டிக்கெற்றில் 'தாய் விட்டுச் சென்றுவிட்டார்' என்று எழுதியவள் நான். எனக்கு நல்ல கையெழுத்து. டொக்டர்மாரே புகழ்வார்கள். அந்த மூன்று சொல்லும் பொய் என்று தெரியவந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. கண்ணை மூடினால் இன்றைக்கும் அந்த வரியை வாசிக்கலாம்.

வன்னியில் பெருந்தெருவோரம் இருந்த ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்ட் அது. ஊரைச் சொல்லமாட்டேன். என்னோடு வேலை செய்த நல்ல மனிதர்கள் மேல் என் பழி ஏன் விழவேண்டும்? எண்பதுகளின் நடுப்பகுதி. பதினெட்டுக் கட்டில்கள். மலேரியாக் காலம் வந்தால் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள். என்னோடு சேர்த்து நேர்ஸ்மார் மூன்று பேர், அதில் ஒருவர் எப்போதும் லீவு. அப்படி இருந்தும் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்றால் அதற்குக் காரணம் தாய்மார்தான். பிள்ளையை வார்ட்டில் போட்டால் தாயும் பாய், தலையணை, வாளி, சுடுதண்ணிப் போத்தல் சகிதம் வந்து கட்டிலுக்குக் கீழே குடியேறிவிடுவாள். காய்ச்சலுக்கு ஈரத்துணியால் துடைப்பதும், சேலைன் முடிகிறதா என்று பார்ப்பதும், முடிந்தால் எங்களைக் கூப்பிடுவதும் அவள் வேலை. ஒருத்தி குளிக்கப் போனால் பக்கத்துக் கட்டில்காரி அவள் பிள்ளையையும் பார்ப்பாள். ஒருத்திக்கு வீட்டிலிருந்து சோறு வந்தால் அது நாலு பேருக்குச் சோறு. எங்கள் வார்ட்டைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இருக்கவில்லை.

ஒரு பிள்ளைக்கு ஒரு தாய் என்பது விதி. அவளுக்கு நாங்கள் சின்னதாக ஒரு துண்டு எழுதிக் கொடுப்போம். அதைக் காட்டினால்தான் வாசலில் வாச்சர் உள்ளே விடுவார். இதை யாருக்கும் நாங்கள் விளக்கியதில்லை. அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையுமில்லை.

அவள் அங்கே பிறந்தவள் அல்ல. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்த சனத்தில் ஒருத்தி. புருஷன் காடு வெட்டும் வேலைக்கென்று போனவன், திரும்பவில்லை. கண்டாவளைப் பக்கம் வயல்களில் நெல் அறுக்கும் அருவி வெட்டு நடந்துகொண்டிருந்த மாதம். அவளும் கூலிக்கு வெட்ட வந்தவள். ஒருநாள் காலை, பத்துமாத ஆண்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வயிற்றோட்டம். கண் உள்ளே போய், தோலைக் கிள்ளினால் கிள்ளியபடி நின்றது. அவளிடம் பாயும் இல்லை, வாளியும் இல்லை. இடுப்பில் கதிர் அரிவாள் சொருகியிருந்தது. அதை வெளியே வைத்துவிட்டு வரச்சொல்லி நான் சத்தம் போட்டேன்.

சேலைன் ஏற்றி ஒரு மணித்தியாலத்தில் பிள்ளை கண் திறந்து பார்த்தது. நான் வேறொரு பிள்ளையின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நின்று ஏதோ சொன்னார்கள். நான் திரும்பாமலே தலையாட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு நாளைக்கு நூறு தரம் தலையாட்டுகிற வேலை அது.

மத்தியானம் அந்தக் கட்டிலுக்குக் கீழே யாரும் இல்லை. பின்னேரமும் இல்லை. பிள்ளை அழத் தொடங்கியது. பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் மாறி மாறித் தூக்கினார்கள், கரண்டியால் தண்ணீர் பருக்கினார்கள். ஒருத்தி, தோட்டக்காட்டுச் சனம் இப்படித்தான், பெறும், போடும், போகும் என்றாள். அந்தச் சொல் எப்படிப்பட்ட சொல் என்று எனக்குத் தெரியும். நான் அவளை அதட்டவில்லை. உள்ளுக்குள் ஆமோதித்தேன் என்பதுதான் உண்மை.

எதிர்க் கட்டிலில் முல்லைத்தீவுக் கரைப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். நாலு வயது மகளுக்கு மலேரியா என்று வந்தவள். கழுத்தில் செபமாலை. ஒரு மாதத்துக்கு முன்னர்தான் கைக்குழந்தை ஒன்றைப் பறிகொடுத்திருந்தாள். பால் இன்னும் வற்றவில்லை, சட்டையின் முன்பக்கம் எப்போதும் நனைந்திருக்கும். அன்று பின்னேரம் அவள் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மிஸ்ஸி, அழுதழுது அதுக்குத் தொண்டை காயுது. நான் குடுக்கட்டே?"

கொடுங்கோ பிள்ளை, உங்களுக்குப் புண்ணியம் என்றேன். அவள் அந்தப் பிள்ளையை மடியில் எடுத்ததும் வார்ட்டே அமைதியாகிவிட்டது. அவளும் அழுதாள், பிள்ளையும் விக்கி விக்கிக் குடித்தது. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆஸ்பத்திரி என்றால் இப்படி அல்லவோ இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமையில் பிள்ளை தேறிவிட்டது. பால் கொடுத்தவளைக் கண்டால் காலை உதைத்துச் சிரித்தது. தாயைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. டொக்டர் டிக்கெற்றில் எழுதச் சொன்னார், எழுதினேன். பொலிசுக்கும் பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கும் கந்தோருக்கும் கடிதம் போனது. சண்டை தொடங்கியிருந்த அந்த நாட்களில் பொலிஸ் மணல்மூட்டைக்குப் பின்னால் இருந்தது, கந்தோரிலிருந்து பதில் வரவில்லை. டிக்கெற்றில் தாயின் பெயருக்குக் கீழே 'கண்டாவளை' என்று இருந்தது. ஒரு ஆளைச் சைக்கிளில் அனுப்பி விசாரித்திருக்கலாம். அனுப்பவில்லை. தாய் விட்டுவிட்டுப் போனாள் என்பது அதற்குள் எனக்கு முடிந்த கதை.

கரைக்காரியின் மகள் சுகமாகி வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. அவள் அந்த ஆண்பிள்ளையைக் கீழே விடவில்லை. பெரிய டொக்டர் கொழும்புக்குப் போயிருந்தார். நானே முடிவெடுத்தேன். அவள் ஊரையும், அவர்களின் கோயிலையும், எந்தப் பக்கத்தில் வீடு என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டு, தாய் வந்தால் திருப்பித் தரவேண்டும் என்று சொன்னேன்.

"வந்தால் தருவன் மிஸ்ஸி. வராட்டி என்ர பிள்ளைதான்" என்றாள்.

பஸ் தரிப்பிடம் வரைக்கும் போய் நானே ஏற்றிவிட்டேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாக நித்திரை கொண்டேன்.

அதற்குப் பதினொரு நாள் கழித்து, நோயாளரைப் பார்க்கவரும் நேரத்தில், சனத்தோடு சனமாக ஒருத்தி வந்தாள். முதலில் எனக்கு ஆளைத் தெரியவில்லை. தலைமயிர் கொட்டி, கண் மஞ்சளாகி, பாதி உடம்பு போயிருந்தது. நேராக அந்தக் கட்டிலுக்குப் போனாள். அதில் வேறொரு பிள்ளை படுத்திருந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைக் குனிந்து பார்த்தாள், பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள், பிறகு அடுத்ததை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய உடனே நான் செய்த வேலை, அவள் மேல் பாய்ந்ததுதான்.

"பெத்த பிள்ளையைக் கட்டில்ல போட்டிட்டு இவ்வளவு நாளும் எங்கயடி திரிஞ்சனீ?"

கரைக்காரிக்குக் 'கொடுங்கோ' சொன்ன அதே வாய். வார்ட் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் கோபப்படவில்லை. தான் எங்கேயோ பிழை விட்டுவிட்டதாக நினைத்தவள் போல், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தானேம்மா போனேன். நீங்க தலய ஆட்டுனீங்க."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றதையும் சொன்னாள். தோட்டத்தில் விடியற்காலையில் பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை ஆயாவிடம் கொடுத்துவிட்டுத்தான் எல்லாத் தாய்மாரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போவார்கள். தொட்டில் தொட்டிலாக இருக்கும். ஆயாவிடம் சொல்லவேண்டும், ஆயா தலையாட்டவேண்டும், போகவேண்டும். நின்றால் ஆயா ஏசுவாள். அவளும் அப்படித்தான் வளர்ந்தாள், அவள் தாயும் அப்படித்தான். இங்கே வரிசையாகக் கட்டிலைக் கண்டாள், வெள்ளை உடுப்போடு என்னைக் கண்டாள், சொன்னாள், போனாள். இரவில் தாயும் தங்கவேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்தவர்களை வேலைக்கு வந்த பெண்கள் என்று நினைத்தாளாம்.

பிள்ளையைச் சேர்த்த அன்றே பொழுதுபடும் நேரம் நெல் ஏற்றிவந்த ட்ரக்டரில் தொற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறாள். வாச்சர் துண்டு கேட்டார். இல்லை என்றாள். உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தாய்மார் இருக்கிறார்கள், துண்டு இல்லாமல் விடமுடியாது என்றார் அவர். புள்ளைங்க நல்லாருக்காங்களா என்று கேட்டிருக்கிறாள். எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று பதில் வந்திருக்கிறது. தோட்டத்தில் கங்காணி சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை. மூன்று பின்னேரம் வந்து முள்ளுக்கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போயிருக்கிறாள். நாலாம் நாள் மலேரியாவில் விழுந்தவள், தன் குடிசையில் மூன்று கிழமைக்கு மேல் கிடந்தாள். எழுந்து நடக்க முடிந்த அன்றே வந்தாள்.

வேலியில் நின்ற பெண்ணை நான் கண்டிருக்கிறேன். என் மேசைக்கு நேரே உள்ள யன்னல் வழியாக, ஒருநாள் அல்ல, இரண்டு நாள். யாரையோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்துவிட்டு மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். பிற்காலத்தில் வேறு ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தேன். வேலியே இல்லாத ஆஸ்பத்திரியிலும் பொழுதுபடும் நேரத்தில் யன்னல் பக்கம் பார்க்க எனக்குப் பயம். பார்த்தால் அவள் நிற்பாள். நிற்கமாட்டாள் என்று அறிவுக்குத் தெரியும், ஆனாலும் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் இருப்பேன்.

அடுத்த நாளே லீவு போட்டுக்கொண்டு அவளைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினேன். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். அவள் ஒரு சின்னச் சட்டையை மடித்துக் கையில் வைத்திருந்தாள். பிள்ளையை எப்படித் திருப்பி வாங்குவது, கரைக்காரி அழுதால் என்ன சொல்வது என்றெல்லாம் நான் யோசித்துக்கொண்டு போனேன். இருவரையும் சமாதானப்படுத்தும் கெட்டிக்காரி நான்தான் என்ற எண்ணம் அப்போதும் எனக்குள் இருந்தது.

பஸ்ஸால் இறங்கி மணலில் வெகுதூரம் நடந்தோம். கரையில் வள்ளம் ஒன்றும் இல்லை. பாதி வீடுகளின் கூரை எரிந்திருந்தது. கோயில் கதவு திறந்து கிடந்தது. ஆடுகளை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் தங்கியிருந்த ஒரு பெண் மட்டும் எங்களைக் கண்டு வந்தாள். கடற்படை வந்து சுட்ட பிறகு ஊரே கலைந்துவிட்டது என்றாள். அந்தக் குடும்பத்தை விசாரித்தேன்.

"அவை போன வியாழக்கிழமை வெளிக்கிட்டவை. மன்னாருக்குப் போய், அங்கயிருந்து வள்ளத்தில இந்தியாவுக்கு."

கைப்பிள்ளை ஒன்று இருந்ததா என்று கேட்டேன். ஓம், ஞானஸ்நானம் கொடுத்துத்தான் கொண்டுபோனார்கள் என்றாள். நான் கோயில் படியில் இருந்துவிட்டேன். அவள் நின்றபடியே அந்தப் பெண்ணிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாப்புட்டுட்டுக் கெளம்புனானாங்க?"

"ஓம். இடியப்பம் தீத்தினவா. நான் பாத்தனான்."

அவள் தலையசைத்தாள். வரும் வழியில் நான்தான் அழுதேன். அவள் தன் சேலைத் தலைப்பை எனக்குத் தந்து, நீங்க இல்லாட்டி புள்ள அன்னிக்கே போயிருக்கும்மா என்றாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

கிளினிக் நாள் ஒன்றில் அவள் திரும்பவும் வந்தாள். ஒரு மாதம் போயிருக்கும். மருந்துக்கு நிற்கும் வரிசையில் நிற்காமல் என்னிடம் வந்து, நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தாள். உள்ளே இந்தியப் பாஸ்போட். பழசு, மூலை கரையான் தின்றது. தோட்டத்தில் இருந்த காலத்தில் இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி, இந்தியாவுக்குத் திரும்பிப் போகச்சொல்லி அவள் குடும்பத்துக்குக் கொடுத்தது. முன்பின் காணாத ஊருக்குப் போகமாட்டோம் என்றுதான் அதை ஒளித்து வைத்துக்கொண்டு வன்னிக்கு ஓடிவந்தார்களாம். யாராவது கண்டால் பிடித்துக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று பெட்டியின் அடியில், அரிசிப் பானையில், கூரைக் கிடுகுக்குள் மாற்றி மாற்றி இத்தனை வருடம் மறைத்திருக்கிறாள்.

"கப்பல் ஆபீசுக்கு எழுதிக் குடுங்கம்மா. நான் போறேன். தலைமன்னார்ல வந்து ஏறிக்கிறேன்."

இந்தியாவுக்கு ஓடிய தலைமன்னார்க் கப்பல் நின்று எத்தனையோ மாதமாகிவிட்டது. ஊருக்கெல்லாம் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. சண்டையால் நிறுத்திவிட்டார்கள், இனி எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது என்று அவளிடம் சொல்லவேண்டியவளும் நான்தான். சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை. கையில் இருந்த பாஸ்போட்டைத் திறந்து, தன் படத்தை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள்.

"நாங்க வரலேன்னப்ப வருசம் பூரா கப்பல்ல ஏறச்சொல்லி வந்து வந்து கூப்புட்டாங்களேம்மா."