வேலைக்கு பிளஸா, மைனஸா?

நான் இரண்டு பொறியியல் படித்தது மூளை கூடிப்போய் அல்ல. எனக்கு ஒன்றைத் தெரிவு செய்ய வராது, அவ்வளவுதான். மொன்றியலில் பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு, இயந்திரப் பொறியியலா இரசாயனப் பொறியியலா என்று ஒரு கிழமையாகப் பேனையைக் கடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டையும் படியன். ஏலாதோ?" என்றார். ஏலும் என்று பல்கலைக்கழகமும் சொன்னது. என் கெட்ட காலம்.

அதற்குப் பிறகு நாங்கள் குடியிருந்த செயின்ட்-மிஷேலில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், "மகள் ரெண்டு எஞ்சினியரிங் படிக்கிறா" என்று அம்மா யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார். டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் அப்பாவும் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எதில் விருப்பம் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் திருதிருவென்று விழித்திருப்பேன். காலையில் மெட்ரோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், முதல் வகுப்பு எந்தத் துறையில் என்று அட்டவணையை எடுத்துப் பார்ப்பேன்.

மூன்றாம் ஆண்டில் வெப்ப இயக்கவியல் வந்தது. வெப்பம் எவ்வளவு வேலையாக மாறுகிறது என்று கணக்குப் போடும் பாடம். இரண்டு துறையிலும் அந்தப் பாடம் இருந்தது. விதியும் ஒன்றுதான். ஆனால் இயந்திரத் துறையில், இயந்திரம் வெளியே தரும் வேலைக்கு பிளஸ் போட வேண்டும். இரசாயனத் துறையில், உள்ளே வரும் வேலைக்குத்தான் பிளஸ். வெளியே போவது மைனஸ். இரண்டும் சரி. அவரவர் வீட்டில் அவரவர் வழக்கம். நான் மட்டும் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறவள். மற்ற மாணவர்கள் மூச்சு விடுவது போல எழுதிய குறியை நான் ஒவ்வொரு முறையும் எந்தக் கட்டடத்தில் இருக்கிறேன் என்று யோசித்துத்தான் எழுதினேன்.

அந்த டிசம்பரில் இரண்டு பரீட்சையும் ஒரே நாளில், ஒரே மணிக்கு வந்து விழுந்தன. அலுவலகத்தில் முறையிட்டேன். இயந்திரத்தைக் காலையிலும் இரசாயனத்தைப் பின்னேரமும் எழுதலாம், ஆனால் நடுவில் ஒருவரோடும் பேசாமல் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்றார்கள். ஆலோசகர் இன்னொன்றையும் நினைவூட்டினார். ஏதாவது ஒன்றில் தவறினால், இரண்டு படிப்பையும் சேர்த்துத் தொடர விடமாட்டார்கள். ஒன்றை விட வேண்டும்.

காலைத் தாளை ஒருவழியாக எழுதி முடித்தேன். பிறகு யன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். காவலுக்கு இருந்த பெண்மணி "போன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டுக் கம்பளி பின்னத் தொடங்கினார். புத்தகம் பார்க்கக் கூடாது. அம்மா கட்டித் தந்த புட்டைத் திறந்தேன். இரண்டாவது வாய் வைக்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. காலையில் வேலைக்கு என்ன குறி போட்டேன்? பிளஸ் போட்ட ஞாபகம். மைனஸ் போட்ட ஞாபகமும் இருந்தது. எழுதிய தாளோ கையை விட்டுப் போய்விட்டது. ஒரு மணி நேரம் புட்டைக் கிளறிக்கொண்டே இருந்தேன். கடைசியில் காலையில் இரசாயனத் துறையின் வழக்கத்தில்தான் எழுதித் தொலைத்திருக்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பின்னேரத் தாளைச் சரியாகத்தான், உள்ளே வரும் வேலைக்கு பிளஸ் போட்டுத் தொடங்கினேன். பாதியில் காலைத் தாள் திரும்பவும் நினைவுக்கு வந்தது. காலையில் எழுதியது பிழை என்றால், அதே மாதிரி இப்போது எழுதுவதும் பிழைதானே? அந்த நேரத்தில் இது எனக்குப் பெரிய நியாயமாகப் பட்டது. எழுதியதையெல்லாம் திரும்பிப் போய்க் குறி மாற்றினேன். கடைசிக் கேள்வியில் ஒரு கம்பிரசர், மின்சாரத்தைத் தின்பதற்குப் பதிலாக எனக்கு மின்சாரம் தந்தது. அதைப் பார்த்தும் எனக்குச் சுரணை வரவில்லை. விடைக்கு அடியில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரியில் நூலகக் கணினியில் முடிவைப் பார்த்தேன். இயந்திரம், நல்ல புள்ளி. காலையில் எல்லாக் குறியும் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறேன். இரசாயனம், தவறிவிட்டது.

எது போனாலும் நிம்மதிதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்குப் பதிலாக யாரோ தெரிவு செய்துவிட்டார்கள், அவ்வளவுதானே. ஆனால் அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. சின்ன அழுகை இல்லை. பக்கத்தில் இருந்த பையன் தன் கணினியை விட்டு எழும்பிப் போகிற அளவுக்கு. மறுபக்கம் தவறியிருந்தால் அழுதிருப்பேனா என்று நினைத்துப் பார்த்தேன். மாட்டேன். ஒரு கோப்பி வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். மூன்று வருடமாக என்னிடமே கேட்காத கேள்விக்கு அன்றைக்கு, அதுவும் பெயில் விட்டபிறகு, பதில் கிடைத்தது. எனக்கு என்மேல்தான் கோபம் வந்தது.

ஆலோசகர் இரசாயனத்தை விடுவதாக ஏற்கெனவே படிவம் நிரப்பி வைத்திருந்தார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு கீறும் கீறியிருந்தார். இயந்திரத்தை விடுகிற மற்றப் படிவத்தைத் தாருங்கள் என்றேன். பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும், ஒரு வருடம் கூட எடுக்கும், யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று இரண்டு தரம் கேட்டார். யோசித்தால் எனக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. உடனே கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் அப்பா வேலையால் வந்து, விமான நிலையத்தில் போடும் மினுங்கும் ஜாக்கெட்டைக் கழற்றாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடந்ததைச் சொன்னேன். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாஸ் பண்ணினதை விட்டிட்டு, பெயில் விட்டதையோ படிக்கப்போறாய்?"

"ஓம் அம்மா."

"அப்ப இனி ஆக்கள் கேட்டால் நான் என்னண்டு சொல்லுறது?"

"கெமிக்கல் எண்டு சொல்லுங்கோ."

சொல்லி முடித்த பிறகுதான், அதை யோசிக்காமலே சொல்லிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.