கூடைக்குள் ஒரு மடையான்

போன சித்திரையில், சிதம்பரத்தில் என் வீட்டில் நடந்தது இது. எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியும், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். சொந்தமாக ஒரு வார்த்தையும் சேர்க்கக்கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை இருக்கிறது. வெளியூரிலிருந்து படிக்க வரும் பெண்களுக்குத்தான் விடுவேன். அப்படி ஒரு பெண் பெட்டியோடு வந்து நின்றாள். எந்த ஊர் என்று கேட்டேன். "பூட்டான்" என்றாள். எங்கள் பக்கத்தில், ஒருத்தன் போய்விட்டான் என்பதைத்தான் அப்படிச் சொல்வோம்.

"அடிப்பாவி, யாருடி பூட்டான்?" என்று பதறிவிட்டேன்.

பிறகுதான் போனில் படம் காட்டினாள். மலைகளுக்கு நடுவே ஒரு குட்டி நாடாம். ஜீவராசிகளைப் பற்றிப் படிக்க வந்திருந்தாள். தமிழை என்னிடமே கற்றுக்கொண்டதால் என்னைப் போலவே பேசுவாள். அவள் அப்பாவுக்கு அங்கே நாரைக்குக் காவல் இருக்கிற வேலை. ஆற்றோரத்து மரத்தில் கூடு கட்டும் பெரிய நாரையாம். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறதாம். வயலுக்குக் காவல் பார்த்திருக்கிறேன், நாரைக்கு யாராவது காவல் இருப்பார்களா என்று சிரித்திருக்கிறேன்.

சித்திரை வெயில் ஏறி, பரீட்சையும் நெருங்கிய நேரத்தில் அந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கொடுத்தனுப்பிய தட்டு அப்படியே திரும்பி வந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தால் பாதி துணிமணி பெட்டிக்குள் இருந்தது.

"ஊருக்குப் போறேன் ஆயா. பரீட்சை எழுதல. படிச்சு இன்னா ஆவப்போவுது?"

வேறு எதுவும் சொல்லவில்லை. வெயிலுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது, அதனால் மனசும் தளர்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நான் பிறந்தது காட்டுமன்னார்கோயில் பக்கம். உடம்பு தேறாதவர்களுக்கு அங்கே மடையானை அடித்து, மிளகு தட்டிப் போட்டுச் சாறு வைத்துக் கொடுப்பார்கள். வயலோரம் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்குமே மண் நிறக் கொக்கு, அதுதான் மடையான். அதைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி தப்பு. தெரிந்துதான் போனேன். என் வீட்டில் ஒரு பிள்ளை பட்டினி கிடந்தால் சட்டம் என் கண்ணுக்குத் தெரியாது.

பிறந்த ஊருக்குப் பஸ் ஏறிப் போய், ஏரிக்கரையில் எனக்குத் தெரிந்த ஒருவனிடம் கேட்டேன்.

"மெதுவா பேசு ஆயா. பாரஸ்ட்காரங்க காதுல வுழுந்தா நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து சூப்பு வெச்சிடுவாங்க" என்றான்.

வாழைநாரால் கால்களைக் கட்டிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் தோட்டத்தில் கூடையைப் போட்டு மூடிவைத்துவிட்டு, அம்மியில் மிளகு, சீரகம், பூண்டு வைத்து நசுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்க வந்த பெண் கூடைக்குள் சத்தம் கேட்டு அதைத் தூக்கிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆயா, எங்க நாரைக்குத் தம்பி மாதிரி இருக்குதே. எனக்காகவா எடுத்துனு வந்த?"

"உனக்குத்தான்" என்றேன். அது பொய் இல்லை.

என்னைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அப்பா காவல் இருந்த மரம் காற்றில் சாய்ந்துவிட்டதாம். கூட்டிலிருந்த குஞ்சு ஆற்றோடு போய்விட்டதாம். அதிலிருந்து அப்பா யாரிடமும் பேசுவதில்லையாம். அழுகை ஓய்ந்து நிமிர்ந்தவள் அம்மியைப் பார்த்தாள். மடையானைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மொளவு எதுக்கு ஆயா?"

நான் அம்மியை முந்தானையால் மறைக்கப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் கண்ணில் நீர் வழிய வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தது.

"இன்னாடி சிரிப்பு? இது ஏரி பூராக் கெடக்குது. ஒண்ணு போனா இன்னா கொறைஞ்சுடும்?"

"எங்க ஆத்துலயும் முன்னல்லாம் யாரும் எண்ணிப் பாக்கலியாம் ஆயா" என்று மெதுவாகச் சொன்னாள்.

நசுக்கிய மிளகை வழித்து ரசத்தில் போட்டேன். மடையானின் காலில் இருந்த வாழைநார்க் கட்டை அவள் அறுத்துவிட்டாள். ஒரு இறக்கையில் காயம் இருந்ததால் உடனே விட முடியவில்லை. மார்க்கெட்டில் பொடி மீன் வாங்கி வந்து வைத்துவிட்டு அவளிடம் ஒரு பேரம் பேசினேன்.

"இங்க பாருடி, அது ஒரு மீனு முழுங்குனா நீ ஒரு வாய் சோறு முழுங்கணும்."

"அது முழுங்கலன்னா?"

"அப்பவும் நீ முழுங்கணும்."

அன்று பூராவும் அது மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் லபக்கென்று ஒன்றை விழுங்கியது. அவள் கத்திய கத்தலில் நான் அடுப்பை விட்டு ஓடி வந்தேன். தட்டு காலியாயிற்று. பெட்டியில் வைத்த துணி கொடிக்கு வந்தது. கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தாள். மடையான் அவளை ஒன்றும் செய்யாது, நான் கிட்டே போனால் கொத்த வரும். "நீ மொளவு அரைச்சத பாத்துச்சு இல்ல ஆயா!" என்று கேலி பேசுவாள்.

பரீட்சை எழுதி முடித்த மறுநாள் கூடையோடு பஸ் ஏறினோம்.

"கூடையில இன்னா ஆயா, கோழியா?" என்றார் கண்டக்டர்.

"ஊருக்குப் போவுது, வுடுப்பா" என்றேன்.

ஏரிக்கரையில் கூடையைத் திறந்ததும் அது சேற்றில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றது. மண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. சட்டென்று இறக்கையை விரித்ததும் முழு வெள்ளையாகிப் பறந்தது. அதை அவள் போனில் படம் பிடித்து, நடந்ததையெல்லாம் எழுதி அப்பாவுக்கு அனுப்பினாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது. பேச்சை மறந்திருந்த மனுசன். கேட்டுவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தம்மா நாரைக் காவலுக்கு வருவாங்களான்னு கேக்குறாரு ஆயா."

அவள் தேர்ச்சி பெற்று ஊருக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் பிறந்த ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, வயலோரம் மடையான் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறேன். ஒன்றுகூடக் கண்ணில் படாத நாளில் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. முகம் பார்த்திராத அந்தத் தகப்பன் ஏன் பேசாமல் இருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்குகிறது.