கோலப்பொடியில் ஒரு காலனி

திருநகரைத் தாண்டி, திருமங்கலம் சாலையை ஒட்டிய ஒரு காலனியில் ஆண்டு விழாவுக்கு வரலாற்றுக் கண்காட்சி வைத்துத் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். அதுதான் என் பிழைப்பு. அந்தந்த இடத்து ஆட்களையே பேசவைத்து, அவர்கள் வரலாற்றை அவர்கள் கையாலேயே எழுதவைப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். பாதி நாள் பஞ்சாயத்திலேயே போய்விடும்.

இங்கே பஞ்சாயத்து முதல் பலகையிலேயே ஆரம்பித்தது. சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வாசகத்தை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார். "வெறும் பொட்டக்காடு சார். மனுசன் கால் படாத எடம். நாங்க வந்துதான் ஊராச்சு." சாலைக்கு எதிர்ப்புறத் தெருவிலோ, காலனியின் கிழக்கு மூலை தங்கள் இடுகாடு என்றார்கள். அதை அவரிடம் சொன்னேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சார், அந்த வார்த்தைய மட்டும் விழா மண்டபத்துல சொல்லிராதீங்க. மனை வெலை விழுந்துரும். பொண்ணு பாக்க வாரவன் காபிகூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிருவான்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றும் வந்தது. எதிர்த்தெருக்காரர்களை அழைக்காவிட்டால் நானும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். முறைத்துக்கொண்டே சம்மதித்தார்.

நான் வழக்கமாகச் செய்வது இதுதான். மண்டபத் தரையில் கோலப்பொடியால் அந்த வட்டாரத்தை வரைவேன். சாலை, கண்மாய், பழைய கிணறு, பிறகு வந்த தெருக்கள். வந்தவர்கள் தங்களுக்கு நினைவிருக்கும் இடத்தில் போய் நிற்க வேண்டும். நிற்கிற இடத்தைப் பற்றி மட்டுமே பேசலாம். அடுத்தவர் நிற்கும் இடத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதியை வைத்துத்தான் இத்தனை வருடமும் அடி வாங்காமல் வீடு திரும்பியிருக்கிறேன்.

பொடி பறக்கும் என்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்தோம். சித்திரை வெயிலில் எல்லாருக்கும் சட்டை ஒட்டிப்போயிருந்தது. பழைய பேருந்து நிறுத்தம் எங்கே இருந்தது என்று இரண்டு பெரியவர்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். செயலாளர், தான் அலைந்து கட்டவைத்த தண்ணீர்த் தொட்டியில் போய்க் கம்பீரமாக நின்றுகொண்டார். அவர் மனைவி, தங்கள் வீடு இருக்கும் கிழக்கு மூலையில் நின்றார்.

எதிர்த்தெருவிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். கிணற்றிலிருந்து தொடங்கி, வழியை யோசித்து யோசித்து நடந்து, செயலாளரின் மனைவி நின்ற அதே மூலைக்கு வந்துவிட்டார். இருவருக்கும் தோள் இடித்தது.

"இங்கனதான் எங்கம்மாவப் பொதச்சாக," என்றார். "நான் அப்ப ரெண்டாப்பு. காலனி வந்தப்பறம் உள்ள வர முடியல. திதிக்குத் திதி ரோட்டோரமா நின்னு, இந்தப் பக்கம் பாத்துக் கும்பிட்டுட்டுப் போயிருவேன். எடம் கிடம் கேக்க வரல. எங்க நின்னு கும்பிடணும்னு தெரிஞ்சாப் போதும்."

"இல்லம்மா, அது வந்து..." என்று செயலாளர் ஆரம்பித்தார். விதியை நினைவுபடுத்தினேன். தொட்டியில் நிற்பவருக்கு மூலையைப் பற்றிப் பேச உரிமை இல்லை. ஆனால் அந்த மூலையில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

மனைவி தன் கணவர் பக்கம் திரும்பவே இல்லை. "அஸ்திவாரம் தோண்டுறப்ப எலும்பு வந்துச்சுக்கா," என்றார். "யார்கிட்டயும் மூச்சு விடாதன்னு இவுக சொல்லிட்டாக. நாந்தான் கொத்தனார்கிட்டச் சொல்லி, காம்பவுண்டு ஓரமாக் குழி எடுத்து வெக்கச் சொன்னேன். மேல செவ்வரளி நட்டேன். வெள்ளிக்கெழம தவறாம வெளக்குப் போடுறேன். பாம்புக்குப் போடுறேன்னு அக்கம்பக்கத்துல நெனச்சுக்கிட்டு இருக்காக. யாருக்குப் போடுறேன்னு எனக்கே தெரியாது."

எத்தனையோ ஊரில் எத்தனையோ கூட்டம் நடத்தியிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. செத்தது யாரென்று தெரியாது, சொந்தமும் இல்லை. இங்கே குடிவந்த நாளிலிருந்து ஒரு பெண் விளக்கேற்றி வந்திருக்கிறார். அந்த விளக்கு இருப்பதே தெரியாமல் சாலையோரம் நின்று இன்னொரு பெண் கும்பிட்டிருக்கிறார். அவர்களுக்கு நடுவே நாங்கள் எல்லாம் பேருந்தில் போய் வந்திருக்கிறோம்.

ஆனாலும் படித்த புத்தி சும்மா இருக்குமா? அது இடுகாடு. எத்தனையோ பேரைப் புதைத்திருப்பார்கள். அந்த எலும்பு இவருடைய அம்மாவுடையதுதான் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. சொல்வதா வேண்டாமா என்று நான் தவித்ததை நர்ஸம்மா என் முகத்திலேயே பார்த்துவிட்டார்.

"எனக்கும் தெரியும் சார். வேற யாராவதாக்கூட இருக்கலாம். இருந்தா என்ன, அவுகளும் எங்க தெருதான."

"வாங்கக்கா, வீட்டுக்குப் போவோம்," என்று செயலாளரின் மனைவி அவர் கையைப் பிடித்தார். கோடுகளை மிதித்துக்கொண்டே இருவரும் வெளியே போனார்கள். பின்னாலேயே பாதி மண்டபமும் கிளம்பியது.

செயலாளர் வந்து அந்த முதல் பலகையை எடுத்து, "மனுசன் கால் படாத எடம்" என்ற வரியைத் தன் பேனாவாலேயே அடித்தார். "வேற என்ன எழுதுறதுன்னு அப்பறம் சொல்றேன் சார்," என்று பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அதற்கு மேல் அவரிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. இருவருமாக அவர் வீட்டுக்கு நடந்தோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, நர்ஸம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அரளிச் செடிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. உள்ளங்கையால் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் தலை முழுக்க நரை. இறந்துபோன அம்மா மகளை இந்த வயதில் பார்த்ததே இல்லை.

"யம்மா, நாந்தேன்," என்றார். "அடையாளம் தெரியுதா?"