நாற்பத்தேழாம் அடுக்கு

பெட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு எடை மெஷின் மேல் ஏறி நின்றார் அவள் புருஷன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொப்பைக்குக் கீழே என்ன எண் காட்டுகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

"நூத்திப் பத்து" என்றாள் அவள், குனிந்து பார்த்து.

"அதுல என்னைக் கழிச்சுக்கோ. எண்பத்தி நாலு."

"அப்போ பெட்டி இருபத்தாறு. இருபத்து மூணுக்கு மேல விடமாட்டாங்களே!"

"சரி, என்னை எண்பத்தேழுன்னு வச்சுக்கோ. பெட்டி கணக்கு சரியாயிடும்."

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று!

போன வருஷம் கடல் கடந்த ஊரிலிருந்து மகள் போனில் கதறிய கதறல் இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை. ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. "அம்மா, நீ எப்பம்மா வருவே?" என்று ஒரே கேள்வியைத்தான் மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். விசா கிடைக்கவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு இங்கே ஒரு தாய் அழுதாள், அங்கே ஒரு தாய் அழுதாள்.

இப்போது மறுபடியும் நிறைமாதம். நாளை மறுநாள் காலை ஆபரேஷன். இந்த முறை அவளுக்கு மட்டும் விசா வந்துவிட்டது. இன்று மாலை ஏழு மணிக்கு விமானம். அதை விட்டால் அடுத்த சீட்டு நாலு நாள் கழித்துத்தான்.

மூன்று கிலோ துணியை வெளியே எடுத்துப் பெட்டியைப் பூட்டினாள். கைப்பையைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். டிக்கெட் இருந்தது. கண்ணாடி இருந்தது. மாத்திரை இருந்தது.

பாஸ்போர்ட் இல்லை.

பீரோவைக் கவிழ்க்காத குறை. தலையணை உறையைக்கூட உதறினார்கள். மணி பன்னிரண்டு அடித்தது. நேற்று நகல் எடுப்பதற்காக ஆபீசுக்குக் கொண்டுபோனது ஞாபகம் வந்தது. திரும்பக் கொண்டுவந்தது மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆபீஸ் என்றால் பெரிய ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூம். நோயாளிகளின் ஃபைல்களை அடுக்கி, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் வேலை. முப்பத்தோரு வருஷம் அதே அறை, அதே காகித வாசனை. டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை அவளை ரெக்கார்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நேற்றோடு ஓய்வு. அவள் இடத்துக்கு வந்திருக்கும் குமாஸ்தாவுக்குப் போன் போட்டாள். அவர் மேஜை, இழுப்பறை, ஜெராக்ஸ் மெஷின் எல்லாம் துழாவிவிட்டு, "இங்க எதுவும் இல்லீங்கம்மா" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாவி நான்! ரெண்டாவது தடவையும் எம்பொண்ணைத் தனியா விட்டுட்டேனே!"

புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு ஆறுதல் சொல்ல வராது, கேலிதான் வரும். "அழாதே. உன் கையில எதுவாவது தொலைஞ்சிருக்கா? எதைக் கண்டாலும் நம்பர் போட்டு அடுக்கற ஆளு நீ. நான் ரெண்டு நிமிஷம் அசையாம இருந்தா என்னையும் அடுக்கிடுவே."

அழுகை சட்டென்று நின்றது. அவள் அவர் முகத்தையே வெறித்துப் பார்த்தாள்.

"என்னங்க... அடுக்கிட்டேங்க!"

"என்னது?"

"பாஸ்போர்ட் கசங்கக்கூடாதுன்னு ஒரு ஃபைல் கவர்ல போட்டேன். பழக்கதோஷத்துல மூலையில சிவப்பு மையில பாஸ்போர்ட் நம்பரையே எழுதினேன். சாயங்காலம் வழியனுப்பு விழாவுக்கு வாங்கன்னு கூப்பிட்டாங்க. மேஜையில இருந்த கவரையெல்லாம் அவசரமா..."

மேலே சொல்லாமல் டிக்கெட்டைப் பிரித்தாள். அதில் பாஸ்போர்ட் எண் அச்சாகியிருந்தது. அந்த அறையில் நூறு அடுக்குகள். எந்த ஃபைலானாலும் கடைசி இரண்டு எண்ணைப் பார்த்துத்தான் அடுக்கு.

நாற்பத்தேழு.

ஆட்டோவில் அரைமணி நேரம். வழி நெடுக அவர் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு தானே பிரேக் போட்டார், தானே ஹாரன் அடித்தார். அவள் நாற்பத்தேழு, நாற்பத்தேழு என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

ரெக்கார்டு ரூம் வாசலில் குமாஸ்தா எழுந்து நின்றார். கையில் சீட்டுப் புத்தகம் தயாராக இருந்தது.

"உள்ள வாங்கம்மா. ஆனா சீட்டு எழுதாம ஒரு காகிதம் வெளிய போகக்கூடாது, ஆஸ்பத்திரி டீனே வந்தாலும் விடாதேன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

"யோவ், அவ சொன்னதை அவகிட்டயேவா..." என்று புருஷன் எகிறினார்.

"விடுங்க. அவர் செய்யறதுதான் சரி. முதல்ல இருக்கான்னு பார்க்கறேன்" என்று உள்ளே ஓடினாள்.

நாற்பத்தேழாம் அடுக்கு. விரல்கள் தாமாகவே போய் நின்றன. இந்த ஃபைலுக்கும் அடுத்த ஃபைலுக்கும் நடுவில் இருந்தாக வேண்டும். இல்லை! நாளை மறுநாள் காலை, ஆபரேஷன் அறை வாசலில், மறுபடியும் அம்மா இல்லாமல் அவள் மகள்...

கடைசி நம்பிக்கையாக, பக்கத்தில் இருந்த தடித்த ஃபைலை உருவி உலுக்கினாள். அதற்குள் நழுவியிருந்த மெல்லிய கவர் ஒன்று சொத்தென்று காலடியில் விழுந்தது. மூலையில் சிவப்பு மை. அவளுடைய கையெழுத்தேதான்.

கவரைக் கண்களில் ஒற்றிக்கொண்டு விம்மி அழுதாள். முப்பத்தோரு வருஷத்தில் அந்த அறை பார்க்காத அழுகை. குமாஸ்தாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். உறிஞ்சிக்கொண்டே சீட்டுப் புத்தகத்தை நீட்டினார்.

அவள் எழுதினாள். ஃபைல் எண். எடுப்பவர் பெயர். காரணம் என்ற இடத்தில், 'பேரப்பிள்ளை'. கடைசியாக, திருப்பித் தரும் தேதி. அங்கே பேனா நின்றது.

புருஷன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஆறு மாசம்னு போடு. அதுக்கு மேல ஒரு நாள்கூடத் தரமாட்டேன். அப்புறம் என்னை யார் கழிக்கறது?"

ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியை எழுதி, கையெழுத்துப் போட்டு, சீட்டை அடுக்கில் காலியான இடத்தில் செருகினாள்.

மூன்றே முக்காலுக்கு விமான நிலைய வாசலில் பெட்டியோடு நின்றபோது போன் அடித்தது. மகள்.

"கிளம்பிட்டியாம்மா? மனசு என்னவோ அடிச்சுக்குதும்மா. எல்லாம் சரியா எடுத்து வச்சிருக்கியா?"

பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

"எல்லாம் இருக்குடி தங்கம்" என்றாள். "நாளைக்கு ராத்திரி உன் பக்கத்துலதான் படுத்துப்பேன். கொஞ்சம் இடம் விட்டு வை."