பலாப்பால் ஒட்டிய ரயில்வே கேட்

இன்று காலை மகளின் பொம்மை ரயிலில் கேட் எழாமல் சிக்கிக்கொண்டது. என்ன ஏதென்று பார்ப்பதற்குள் என் கை தேங்காய் எண்ணெயைத் தேடியது. மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில், மலைமேல் வளப்பூரில் இருந்த எங்கள் மிளகுக் கொட்டகைக்குள் போய்விட்டேன்.

அந்த இடத்தில் இப்போது ஏதோ லாட்ஜுக்கு வருகிற கார்கள் நிற்கின்றன. அன்று அங்கே மிளகு காயும் காரமும் பலாப்பழ வாசமும் நாள் முழுக்கக் கலந்து கிடக்கும். பலாச்சுளை தின்ற கையைக் கழுவாமல் பிள்ளைகள் நாங்கள் எங்கள் பொம்மை ரயிலுக்குச் சாவி கொடுப்போம். கையில் ஒட்டிய பலாப்பால் கேட்டின் அச்சில் ஏறி இறுகி, கேட் மூடியபடியே நின்றுவிடும். நிஜ ரயிலைப் பார்த்தே இராத என் அத்தை ஓடுகிற பொம்மை ரயிலை ஒரு விரலால் நிறுத்திவிட்டு, கோழி இறகை எண்ணெயில் தொட்டுத் தொட்டு, பிசினை நூல்நூலாக உருவி எடுப்பாள்.

எனக்குப் பொறுக்காது. "கேட்டு மூடியிருந்தாலும் ரயிலு ஓடுமுங்க அத்தை."

"ரயிலு ஓடும் கண்ணு. இந்தப் பஸ்ஸுல இருக்கறவங்க எப்படி ஊடு போய்ச் சேருவாங்க?" என்று கேட்டின் முன்னால் நிற்கும் தகர பஸ்ஸைக் காட்டுவாள்.

பல வருடம் கழித்து, நாமக்கல் பக்கம் நிஜமான கேட் ஒன்றில் நானும் அத்தையும் போன பஸ் நின்றது. நீளமான ரயில் ஒன்று தடதடத்துக் கடந்து போனது.

"ரயிலு எப்படி இருந்துச்சுங்க அத்தை?"

அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"நான் எங்க கண்ணு அதைப் பாத்தேன்? கேட்டைத் தூக்கறாங்களான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."